மர லூருக்கு வண்ணமும் மேல்பூச்சும்: தண்ணீர் புகாமல் முடிப்பது எப்படி

லூர் என்பது தூண்டிலில் கட்டி வீசும் செயற்கை இரைமீன். வீட்டில் செதுக்கிய மர லூருக்கு முதல் எதிரி தண்ணீர். முள் தொங்கும் வளையத்தின் ஓரமாக ஊசி நுழையும் அளவுக்கு வழி இருந்தால் போதும், மரம் நீரை உறிஞ்சி உப்பும். மேலே கண்ணாடிபோல் இறுகிய பூச்சால் அதோடு சேர்ந்து விரிய முடியாது, வெடிக்கும். வெடித்த கோட்டில் இன்னும் நீர் இறங்கும். இரண்டாவது வாரத்தில் வண்ணம் தோலாக உரிந்து வரும்போது பலரும் பெயின்ட்டைக் குறை சொல்கிறார்கள். கோளாறு அதற்கு அடியில் இருக்கிறது. மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர், அடிப்பூச்சான பிரைமர், நிறம், மேலே இறுகும் எபாக்சி எல்லாம் சேர்ந்து ஒரே தோல் என்று நினைத்து வேலை செய்தால் லூர் பல வருடம் நிற்கும்.

இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்வது 9 செ.மீ. நீளமும் நடுவில் 2 செ.மீ. உயரமும் உள்ள, மடவைக் குஞ்சு வடிவ மிதக்கும் லூர். பழவேற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளில் கொடுவாவுக்கு வீசுவது. உடலைச் செதுக்கி, வயிற்றில் ஈயம் புதைத்து, எவர்சில்வர் கம்பி ஓட்டி, லிப்புக்கான (மூக்கின் கீழ் நின்று நீரை வெட்டி லூரை ஆட்டும் தகடு) பள்ளத்தை அறுத்து வைத்திருக்கிறீர்கள் என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

உடலைத் தயார் செய்தல்

உப்புத்தாள் 120, 240, 400 என்ற வரிசையில் போங்கள். 120-இலிருந்து நேரே 400-க்குத் தாவினால் முதல் தாளின் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து, வெள்ளி நிறம் ஏறியதும் எல்லாம் வெளியே வரும். கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் மயிர்நார் எழுந்து நிற்கும். அதை இப்போதே 400-ஆல் வெட்டிவிட்டால் சீலர் பூசும்போது மறுபடி எழாது.

ஈயம் புதைத்த குழியை எம்-சீல் வைத்து அடையுங்கள். அது கனமானதுதான், ஆனால் வயிற்றில் கனம் இருப்பது நல்லதே. முதுகிலோ பக்கத்திலோ உள்ள சின்னப் பள்ளத்துக்கு அதே மரத்தின் தூளை நிரப்பி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுத் தேய்த்தால் போதும். சாதாரண வெள்ளை மரப்பசையை எங்கேயும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அது மறுபடி இளகும்.

மிதப்பைச் சோதிக்க வேண்டிய நேரமும் இதுதான். முட்களையும் வளையங்களையும் ரப்பர் பேண்டால் அவற்றின் இடத்தில் கட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். சட்டென்று பார்த்துவிட்டு எடுத்துத் துடையுங்கள். மரம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்த அளவு உடலில் ஒரு கோட் எபாக்சிக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏறும். அதனால் லூர் மூழ்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எபாக்சி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி, ஏறிய கனத்துக்கு ஏறக்குறைய ஈடாக உடலும் பருக்கும். மாறுவது ஆட்டம். கனமும் பருமனும் கூடக் கூட அந்தத் துடிப்பான நடுக்கம் மந்தமாகும். மூன்று, நான்கு கோட் எபாக்சி என்று அடுக்குவது அதனால்தான் தவறு. இரண்டு மெல்லிய கோட் போதும்.

சீலர்: இங்கே அவசரப்படாதீர்கள்

பால்சா போன்ற பஞ்சு மரமானால் நீர்போல் ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசையை மெல்லத் தடவி மேல்தோலை இறுக்குவது ஒரு வழி. விரைவானது, கெட்டியானது, ஆனால் புகை கண்ணை எரிக்கும், தடவுவது சீராகவும் வராது. எல்லா மரத்துக்கும் பொருந்துவது தச்சர்கள் பயன்படுத்தும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர். முதல் முக்குக்கு சீலரும் என்.சி. தின்னரும் சரிபாதி. தண்ணியாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். லூரை முழுவதுமாக முக்கி அரை நிமிடம் வைத்திருங்கள். குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்ற பிறகு எடுத்து, மூக்கு மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். வால் நுனியில் திரளும் சொட்டைத் துணியால் ஒற்றி எடுக்க மறந்தால், காய்ந்த பின் அது ஒரு குமிழாக நிற்கும்.

ஒரு மணி நேரம் கழித்து 320-ஆல் லேசாகத் தேய்த்து, இரண்டு பங்கு சீலருக்கு ஒரு பங்கு தின்னர் என்ற கலவையில் இன்னும் மூன்று முறை முக்குங்கள். லிப் பள்ளத்துக்குள்ளும் கம்பி வெளியே வரும் துளைகளுக்குள்ளும் சீலர் போயிருக்க வேண்டும். நீர் புகும் வாசல்கள் அவைதான். பள்ளத்துக்குள் தேங்கி அடைத்துவிட்டால், காய்ந்ததும் வெட்டுக்கத்தி முனையால் சுரண்டி லிப் நுழையும் அளவுக்குத் திறந்துவிடுங்கள்.

மரத்துக்குள் இருக்கும் காற்றை உங்கள் பக்கம் வேலை செய்ய வைக்க ஒரு வழி உண்டு. முதல் முக்குக்கு முன் லூரைக் கால் மணி நேரம் வெயிலில் சூடேற்றி, நிழலுக்குக் கொண்டுவந்து உடனே முக்குங்கள். உடல் குளிரக் குளிர உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீலரைத் தானே இழுத்துக்கொள்ளும். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது குளிர்ந்த லூருக்குப் பூசிவிட்டு வெயிலில் வைத்தால், காற்று விரிந்து பூச்சைத் துளைத்துக்கொண்டு குமிழியாக வெளியேறும். எபாக்சியில் வரும் குமிழிகளில் பாதி இப்படி வருபவை.

சீலர் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பின், நகைத் தராசில் லூரை எடைபோட்டு, 12 மணி நேரம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 0.1 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, இன்னும் இரண்டு முக்கு. வண்ணம் பூசிய பிறகு இந்தக் கசிவைத் தேட முடியாது.

பிரைமரும் பெயின்ட் சண்டையும்

பிரைமர் வெள்ளையாக இருக்கட்டும். ஃப்ளோரசன்ட் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஒளி ஊடுருவும் நிறங்கள். கீழே வெள்ளை இல்லாவிட்டால் மங்கிச் சாணி நிறம் அடிக்கும். ஸ்ப்ரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, லூருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் விடுங்கள். லூரின் மேலேயே அழுத்தினால் முதல் துப்பல் பெரிய சொட்டாக விழும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட். மறுநாள் 600 தாளை நீரில் நனைத்து ஒரு தேய்ப்பு.

கடலோர ஊர்களில் என்.சி. வகைப் பூச்சுகள் சில நாள் பால்போல் வெளுத்துப் போகும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிகிறது, அதுதான் அந்த வெளுப்பு. காலையில் காற்றில் ஈரம் அதிகம். பதினொரு மணிக்கு மேல், மூன்று மணிக்குள் அடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மழை நாளில் அடிக்காதீர்கள்.

எந்தப் பூச்சின் மேல் எது போகலாம் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமல் மேல் என்.சி. தின்னர் கலந்த எதையும் அடிக்கக் கூடாது. தின்னர் எனாமலின் அடிவரை இறங்கி உப்ப வைக்கும். பரப்பு முழுக்கப் பாகற்காய்த் தோல்போல் சுருங்கி எழும்பும். அதைச் சரிசெய்ய வழி இல்லை, மரம் வரை தேய்த்துத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். என்.சி. சீலர், அதன் மேல் என்.சி. அல்லது அக்ரிலிக் பிரைமர், அதன் மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் நிறங்கள், கடைசியில் எபாக்சி: இந்த வரிசை சண்டையில்லாத வரிசை. புது டப்பா எதுவானாலும் முதலில் ஒரு குச்சியில் எல்லாப் பூச்சுகளையும் அதே வரிசையில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு லூருக்கு வாருங்கள்.

பிரைமருக்குப் பின் வெறுங்கையால் உடலைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பின்னால் எபாக்சி ஒட்டாமல் விலகி, வட்டக் குழியாக நிற்கும். ஒரு நீளக் கம்பியை மூக்கு வளையத்தில் மாட்டிக் கைப்பிடியாக்கிக்கொள்ளுங்கள்.

மடவை நிறம்

மடவையின் முதுகு ஆலிவ் பச்சையும் சாம்பலும் கலந்தது. பக்கம் வெள்ளி. வயிறு வெள்ளை. பக்கவாட்டில் செதில் வரிசையோடு மங்கலான கோடுகள் நீளவாக்கில் ஓடும். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு இறங்கும் இந்த அமைப்பைப் பிடித்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.

ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. ஊசி, 20 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் பதத்தில் கரைத்த அக்ரிலிக். இல்லையென்றால் ஸ்ப்ரே டப்பாவும் ஸ்பாஞ்சுத் துண்டும் போதும். முதலில் உடல் முழுக்க வெள்ளி அல்லது முத்து வெள்ளை. அது நன்றாகக் காய்ந்ததும் செதில்.

செதிலுக்குக் கொசுவலைத் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கண் உள்ள வலை இந்த அளவு லூருக்குச் சரி. குளியல் நைலான் நாரின் கண் பெரியது, 15 செ.மீ. லூருக்கு வைத்துக்கொள்ளலாம். வலையை லூரின் மேல் போர்த்தி, வயிற்றுப் பக்கம் இழுத்து, துணிக் கிளிப்புகளால் தோலோடு தோலாக இறுக்குங்கள். வலை எங்கே தூக்கி நிற்கிறதோ அங்கே செதில் புகைபோல் மங்கும். கண்கள் மூக்கிலிருந்து வால் நோக்கிச் சாய்சதுரமாக நிற்கட்டும், சதுரமாக நின்றால் தறித்துணி மாதிரி தெரியும். அடர் சாம்பலை நேர் செங்குத்தாக, மிக லேசாகப் பக்கத்தின் மேல்பாதியில் மட்டும் அடியுங்கள். சாய்வாக அடித்தால் நிறம் நூலுக்கு அடியில் புகுந்துவிடும். ஐந்து நிமிடம் காயவிட்டு, வலையை இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள்.

பிறகு முதுகு. பச்சை, பழுப்பு, ஒரு துளி கறுப்பு. மேலிருந்து அடித்தால் பக்கத்துக்கு இறங்கும் விளிம்பு தானாகவே மங்கி வரும். தூரிகையால் செய்பவர்கள் ஈரமில்லாத ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி அந்த விளிம்பை உடைக்க வேண்டும். நேர்கோடாக விட்டால் பொம்மை போல் இருக்கும். வயிற்றுக்கு வெள்ளை, செவுளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல்.

நீர் கலங்கலாக இருக்கும் நாட்களுக்கு இதே உடலில் தங்க நிறப் பக்கமும் ஆரஞ்சு வயிறும் வைத்து ஒன்று, செந்தலை வெள்ளுடலாக ஒன்று செய்துவைப்பது நல்லது. செந்தலைக்கு மாஸ்கிங் டேப்பைச் செவுள் கோட்டில் ஒட்டுங்கள். கடையிலிருந்து வந்தபடி ஒட்டினால் அடிவண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் பேன்ட் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டு ஒட்டுங்கள். ஆழத்தில் முதலில் மறையும் நிறம் சிவப்பு. ஆகவே சில மீட்டர் கீழே அந்தத் தலை கருந்தலையாகத்தான் தெரியும். தலைக்கும் உடலுக்கும் உள்ள அந்த வெட்டு மட்டும் அங்கேயும் நிற்கும்.

வெள்ளிப் பெயின்ட்டைவிடப் பளபளப்பு வேண்டுமானால் அலுமினியத் தாள். பின்லாந்துக்காரர் லௌரி ரபாலா 1936-இல் தக்கையில் செதுக்கிய முதல் லூருக்கு சாக்லேட் சுற்றி வந்த மினுமினுப்புத் தாளைத்தான் போர்த்தினார். மேல்பூச்சுக்குப் புகைப்பட நெகட்டிவை உருக்கிக்கொண்டார். நமக்குச் சப்பாத்தி சுற்றும் தாள் போதும். அதை ஓர் அரத்தின் மேல் வைத்து ரப்பரால் தேய்த்தால் செதில் பதியும். ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, மெல்லிய பசையில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பஞ்சால் நீவுங்கள். வளைவில் சுருக்கம் விழும் ஓரங்களில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுத்தால் படியும். முதுகும் வயிறும் மேலே பூசப்படும்போது ஓரங்கள் மறைந்துவிடும். வெறும் அலுமினியத்தில் அக்ரிலிக் சரியாகப் பிடிக்காது, இடையில் சீலர் ஒரு மெல்லிய கோட் கொடுங்கள்.

கண்

ஒட்டுப்பொட்டு இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். 5 மி.மீ. மஞ்சள் அல்லது தங்கப் பொட்டின் மேல் 3 மி.மீ. கறுப்புப் பொட்டு. வழவழப்பான பிளாஸ்டிக் வகையாக வாங்குங்கள். வெல்வெட் பொட்டு நாருக்குள் காற்றை வைத்துக்கொண்டு எபாக்சியில் குமிழி விடும், நிறமும் கறுத்துப்போகும். வளைந்த தலையில் தட்டையான பொட்டு ஓரத்தில் தூக்கும். செதுக்கும்போதே அரை மி.மீ. ஆழத்தில் ஒரு வட்டக் குழி எடுத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பொட்டின் பசையை நம்பாமல் ஒரு துளி எபாக்சி வைத்து அழுத்துங்கள்.

லிப்

பாலிகார்பனேட் லிப்பை நிறம் முடிந்து, மேல்பூச்சுக்கு முன் பொருத்த வேண்டும். முன்னதாகவே பொருத்தினால் ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் பட்டு அது பனி படர்ந்ததுபோல் மங்கும், நுண்விரிசலும் விடும். எபாக்சி தடவிப் பள்ளத்தில் நுழைத்து, முன்னாலிருந்து பார்த்துக் கண் இரண்டுக்கும் சமமாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். வெளியே தெரியும் பகுதியில் டேப் சுற்றுங்கள். மேல்பூச்சு லிப்பின் அடிவரை வந்து மூட்டை மூடட்டும், அதைத் தாண்ட வேண்டாம். லிப்பின் விளிம்பு தடித்தால் நீரை வெட்டாது.

எபாக்சி மேல்பூச்சு

ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி லிப் ஒட்டவும் கண் ஒட்டவும்தான். மேல்பூச்சுக்கு அதை எடுத்தால் பூசி முடிப்பதற்குள் நூலிழுக்கும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளிக்கும். மெதுவாக இறுகும், பூச்சுக்கென்று விற்கும் ரெசின் வாங்குங்கள். ரெசின் ஆர்ட் செய்பவர்கள் அச்சில் ஆழமாக ஊற்றும் வகை வேண்டாம்; அது தண்ணீராக ஓடி லூரில் நிற்காது. கார் பட்டறையில் அடிக்கும் இரட்டைக் கலவை கிளியர் பளபளப்பாக வரும், ஆனால் அதன் ஹார்ட்னரில் (இறுக வைக்கக் கலக்கும் இரண்டாவது திரவம்) ஐசோசயனேட் உண்டு. நுரையீரலுக்குக் கேடு. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் அடிக்கக் கூடாது.

ஒரு கோட்டுக்குத் தேவை 1 முதல் 1.5 மி.லி.தான். அவ்வளவு குறைவாகக் கலந்தால் அளவில் சின்னப் பிசகும் பெரிய பிசகாகிவிடும். குறைந்தது 5 கிராம் கலந்து, மூன்று லூருக்கு ஒரே நேரத்தில் பூசுங்கள். டப்பாவில் ரெசினும் ஹார்ட்னரும் 2:1 என்று போட்டிருந்தால் அது எடையா கன அளவா என்று கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று கொஞ்சம் சேர்த்து ஊற்றுவது பெரிய தவறு. எபாக்சியில் ஹார்ட்னர் அளவோடு வினைபுரியும் பங்காளி. கூடினாலும் குறைந்தாலும் பூச்சு கடைசிவரை பிசுபிசுக்கும்.

நான்கு நிமிடம், நுரைக்காமல், மெதுவாகக் கலக்குங்கள். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து, பின் இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம். முதல் கிண்ணத்தின் சுவரில் ஒட்டியிருந்த கலக்காத ரெசின் லூருக்கு வந்தால் அந்த இடம் மட்டும் காயாத திட்டாக நிற்கும். கலந்ததும் ஒரு தட்டில் பரப்பிவிடுங்கள். கிண்ணத்தில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே இறுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கையில் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும்.

1 செ.மீ. அகலத் தட்டைத் தூரிகை எடுத்து, உதிரும் மயிரை டேப்பில் ஒட்டி ஒட்டி முன்பே நீக்கிவிடுங்கள். முதலில் வளைய ஓரங்கள், கம்பித் துளைகள், லிப் மூட்டு, பிறகு உடல். நன்றாக இழுத்து மெல்லிசாகத் தடவுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் மங்கலாகத் தெரியும். வளையங்களுக்குள் நிறைந்ததை ஊசியால் எடுத்துவிடுங்கள். குமிழி இருந்தால் லைட்டர் சுடரை ஒரு நொடி, நகர்த்திக்கொண்டே காட்டுங்கள், உடையும். நின்று காட்டினால் மரம் சூடாகி உள்காற்று புதுக் குமிழிகளைத் தள்ளும். ஸ்ப்ரே டப்பாவும் தின்னரும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

இனி லூர் சுழல வேண்டும். அசையாமல் தொங்கவிட்டால் எபாக்சி எல்லாம் வாலுக்கு இறங்கி, முதுகு காய்ந்த கம்பளம் மாதிரியும் வால் குண்டாகவும் முடியும். ஏர் கூலரில் தகடுகளை அசைக்கும் சிறிய மோட்டார், மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டார் இரண்டுமே நிமிடத்துக்குச் சில சுற்றுதான் சுழலும், உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அச்சில் ஒரு மரச்சக்கரம் திருகி, கிளிப்பில் லூரை மாட்டுங்கள். மைக்ரோவேவ் மோட்டார்களில் சில குறைந்த வோல்ட்டில் ஓடுபவை, 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணைப்புகளைப் பெட்டிக்குள் மூடாமல் ஓட்டாதீர்கள். மோட்டார் இல்லாதவர்கள் முதல் ஒன்றரை மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திருப்ப வேண்டும். முடியும், ஆனால் நகரக் கூடாது. தூசிக்கு மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் இருக்கலாம். ஈரக்காற்றில் ஹார்ட்னர் வினைபுரிந்து மேலே படியும் படலம் அது. சோப்பு நீரால் கழுவி, 600 தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, கழுவி, உலர்த்தி, இரண்டாவது கோட். தேய்க்காமல் பூசினால் இரண்டாவது தோல் தனியாக உரியும். கழுவ ஸ்பிரிட் வேண்டாம், எபாக்சி மூடாமல் விட்ட இடத்தில் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். இரண்டாவது கோட்டில் வயிற்றுப் பக்கம், முள் ஆடி உரசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். கொடுவாவின் பல் அரம் மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், பூச்சைச் சுரண்டுமே தவிர உடைக்காது. அந்த முள்தான் ஒவ்வொரு வீச்சிலும் ஒரே பிறைக்கோட்டில் உரசி மரம்வரை இறங்கும்.

எல்லாவற்றுக்கும் நைட்ரைல் கையுறை. ஹார்ட்னர் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பிறகு மணமே அரிப்பைக் கிளப்பும்.

முடித்த பின்

இரண்டாவது கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் விடுங்கள். தொட்டால் மறுநாளே கல்லாகத்தான் தெரியும், ஆனால் முழு இறுக்கத்துக்கு அத்தனை நாள் ஆகும். லிப்பின் டேப் ஓரத்தை வெட்டுக்கத்தியால் கீறிவிட்டுப் பிய்யுங்கள். கீறாமல் இழுத்தால் எபாக்சி பல்லுப் பல்லாக உடைந்து மூட்டைத் திறக்கும்.

முட்களை மாட்டி நீளத் தொட்டியிலோ ஓரத் தண்ணீரிலோ இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தைக் குறட்டால் முடியளவு இடப்பக்கம் வளையுங்கள். இடம் ஓடினால் வலம். ஒரே தடவையில் அதிகம் வளைத்தால் வளையத்தின் அடியில் எபாக்சி விரியும், அங்கே ஒரு சொட்டு வைத்து மூடாமல் தண்ணீருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மீன்பிடித்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பிறகே பெட்டி. நிறுத்திய காருக்குள் வெயிலில் விட்டால் எபாக்சி இளகி, உள்காற்று உப்பிப் பூச்சைத் தூக்கும். ரப்பர்ப் புழு, ரப்பர்த் தவளை போன்ற மென்லூர்களை இதோடு பெட்டியின் ஒரே அறையில் போடவே வேண்டாம். அவற்றை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து, பட்ட இடத்தில் பூச்சைப் பிசினாக்கிவிடும்.